ஓடிக்கொண்டிருக்கும் உரிமை

மதுரை மாவட்ட நீதிமன்றத்திலோ மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி நீதிமன்றங்களிலோ ஒரு வழக்கு பதிவானால், எழுத்தும் எண்ணும் கலந்த பதினாறு இலக்க அடையாளம் ஒன்று அதற்குக் கிடைக்கிறது. சி.என்.ஆர். எண் என்று வக்கீல் குமாஸ்தாக்கள் சொல்வது அதைத்தான். வாய்தா எந்தத் தேதிக்குத் தள்ளிப்போனது, எதிர்த்தரப்பு பதிலுரை போட்டுவிட்டதா, கடைசி உத்தரவு என்ன என்பதையெல்லாம் அந்த எண்ணை வைத்து வீட்டில் இருந்தபடியே கைபேசியில் பார்த்துவிடலாம். ஒரு வாய்தாவுக்காகக் கூலி வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து, இன்றைக்கு நீதிபதி விடுப்பு என்று கேட்டுத் திரும்பிப்போன காலத்தை நினைத்தால் இது சின்ன மாற்றம் இல்லை. இந்த வசதிக்குப் பின்னால் இருப்பது வழக்குத் தகவல் அமைப்பு என்ற மென்பொருள். தேசியத் தகவலியல் மையத்தின் புனே பிரிவு எழுதியது. உபுண்டு லினக்ஸையும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தையும் அடித்தளமாகக் கொண்டு அது ஓடுகிறது. இரண்டுக்கும் உரிமக் கட்டணம் கிடையாது. நாடு முழுவதும் உள்ள கீழமை நீதிமன்றங்களின் கோடிக்கணக்கான வழக்குக் குறிப்புகள் இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன.

அந்தத் தரவுத்தளம் இரவும் பகலும் ஓடுவதற்கு இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். ஒன்று இயந்திரத்துக்குள் நடப்பது: ஆள் எழுந்து போன பிறகும் நிரல் சாகாமல் பின்னணியில் இருக்க வேண்டும். மற்றது காகிதத்தில் இருப்பது: அந்த நிரலை ஓட்ட நமக்கு அனுமதி இருக்க வேண்டும். முதலாவது சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரின் தலைவலி, இரண்டாவது கொள்முதல் பிரிவின் தலைவலி என்று அலுவலகங்களில் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்தப் பிரிவினை தவறு என்பதே என் வாதம். இரண்டு ஏற்பாடுகளும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: தொடங்கிவைத்தவர் போன பிறகும் இது ஓடலாமா, நிறுத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? பொது ஆவணங்களைத் தாங்கும் தரவுத்தளத்தைப் பொறுத்தவரை, அந்த ஆவணத்துக்குப் பொறுப்பான நிறுவனத்தைத் தவிர வேறு யார் கையிலும் அந்த அதிகாரம் இருக்கக் கூடாது. செலவு குறையும் என்பதற்காகக் கட்டற்ற மென்பொருளை ஆதரிப்பவர்கள் பலர். செலவை நான் இரண்டாவதாகத்தான் வைக்கிறேன்.

இயந்திரத்துக்குள் நடப்பதிலிருந்து தொடங்கலாம். கட்டளை வரியில் ஒரு கட்டளையைத் தட்டினால், அது முடியும்வரை அந்தக் கருப்புத் திரை வேறெதற்கும் செவிகொடுக்காது. கட்டளையின் கடைசியில் ஆம்பர்சாண்ட் குறியைச் சேர்த்துவிட்டால் வேலை பின்னணிக்குப் போய்விடும். திரை அடுத்த கட்டளைக்குத் தயாராகிவிடும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் இத்தோடு காரியம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பின்னணிக்குப் போனாலும், ஓடிக்கொண்டிருக்கும் அந்த நிரல், அதாவது புரோசஸ், இன்னும் அந்தத் திரையின் பிள்ளைதான். யூனிக்ஸ் வளர்ந்த 1970-களில் பயனர் பெரும்பாலும் கம்பி வழியாகத் தொலைவிலிருந்து கணினியோடு இணைந்திருப்பார். கம்பி அறுந்தால் அந்த முனையில் ஆள் இல்லை என்று பொருள். உடனே அவர் தொடங்கிவைத்த புரோசஸ்களுக்கெல்லாம் ஒரு சமிக்ஞை போகும். வாங்கியவை அங்கேயே மடியும். சிக்ஹப் என்ற அந்தச் சமிக்ஞை இன்றைய லினக்ஸிலும் அப்படியே இருக்கிறது. நோஹப் என்ற கட்டளையை முன்னால் வைத்துத் தொடங்கினால் புரோசஸ் அதைக் காதில் வாங்காது. 1987-இல் வந்த ஸ்கிரீனும் அதன் பின் வந்த டிமக்ஸும் வேறொரு வழியைக் காட்டின: திரையையே சர்வரில் உயிரோடு வைத்துவிட்டு ஆள் மட்டும் கழன்றுகொள்ளலாம், மறுநாள் வேறு ஊரிலிருந்து வந்து அதே திரையில் ஒட்டிக்கொள்ளலாம். தரவுத்தளம் போன்ற பெரிய சேவைகளோ தொடக்கத்திலேயே திரையோடு உறவை அறுத்துக்கொண்டு டீமன்களாகிவிடுகின்றன. பெற்ற புரோசஸ் இறந்து பிள்ளை தனியே நின்றால், அமைப்பின் முதல் புரோசஸ் அதைத் தத்தெடுத்துக்கொள்கிறது. அநாதையாக எந்த புரோசஸும் விடப்படுவதில்லை என்பது யூனிக்ஸின் அடிப்படை விதிகளில் ஒன்று. திரையே இல்லாத டீமனுக்குக் கம்பி அறுவதில் என்ன கவலை? அதனால் சிக்ஹப் அங்கே வேறு வேலைக்குப் பயன்படுகிறது. போஸ்ட்கிரெஸுக்கு அதை அனுப்பினால் மடியாது. தன் அமைப்புக் கோப்பை மறுபடி படித்துக்கொண்டு தொடர்ந்து ஓடும்.

பின்னணி என்றால் முக்கியமில்லாதது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. போஸ்ட்கிரெஸுக்குள் ஓடும் ஆட்டோவேக்கம் அந்த எண்ணத்துக்கு மறுப்பு. நீக்கப்பட்ட, திருத்தப்பட்ட பழைய பதிவுகளைப் பெருக்கித் தள்ளுவதும், பழைய பரிவர்த்தனைகளின் எண்களை உறையவைப்பதும் அதன் வேலை. பரிவர்த்தனை எண்கள் 32 பிட்டில் அடங்கியவை. சுமார் 200 கோடிப் பரிவர்த்தனைகளுக்கு மேல் பழையது எது, புதியது எது என்று பிரித்தறிய முடியாது. ஆட்டோவேக்கம் நெடுநாள் ஓடாமல் போனால், அந்த எல்லைக்குச் சற்று முன்பே போஸ்ட்கிரெஸ் புதிய பதிவுகளை ஏற்க மறுத்துவிடும். யாரும் பார்க்காத, யாரும் பெயர்கூடச் சொல்லாத ஒரு புரோசஸ் நின்றுபோனால் முன்னால் இருக்கும் கவுன்ட்டர் மூடப்படும். ஆகவே பின்னணியில் எது ஓடலாம், எவ்வளவு காலம் ஓடலாம் என்று தீர்மானிப்பவர், அந்த அலுவலகத்தின் வேலையையே தீர்மானிக்கிறார். இது அதிகாரப் பிரச்சினை என்பதற்கு லினக்ஸ் உலகத்திலேயே சான்று இருக்கிறது. 2016-இல், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி, பயனர் வெளியேறியதும் அவர் விட்டுச்சென்ற புரோசஸ்கள் அனைத்தையும் கொன்றுவிடுவதை இயல்பு நிலையாக்கியது. நோஹப், ஸ்கிரீன், டிமக்ஸ் எதுவும் தப்பவில்லை. பெரும் எதிர்ப்பு எழுந்தது. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு அந்த இயல்பை மாற்றித்தான் வெளியிட்டது. தேவையற்ற மிச்சங்களைக் கூட்டித் தள்ளுகிறோம் என்று ஒரு தரப்பு சொன்னது. நாற்பது ஆண்டுகளாக எங்களிடம் இருந்த உரிமையைப் பறிக்கிறீர்கள் என்று மறு தரப்பு சொன்னது. இரண்டாம் தரப்பு வென்றதற்குக் காரணம், மாற்றிக் கட்டமைக்கும் உரிமை டெபியனுக்கு இருந்ததுதான். அந்த உரிமையைத் தந்தது சிஸ்டம்டியின் உரிமப் பத்திரம். இயந்திரத்துக்குள் நடந்த தகராறு காகிதத்தில் தீர்ந்தது.

இனி காகிதத்துக்கு வருவோம். மென்பொருள் உரிமங்களைப் பிரிக்கப் பல வழிகள் உண்டு. தரவுத்தளத்துக்கு மிகப் பொருத்தமானது, உரிமம் எந்தச் செயலைப் பிடித்துக்கொள்கிறது என்று பார்ப்பது. வணிகத் தரவுத்தளமான ஆரக்கிளின் செயலிவழி ஒப்பந்தம், அதன் நிரல் நிறுவப்பட்டிருக்கும் அல்லது ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளின் கோர்கள் அனைத்தையும் எண்ணுகிறது. எத்தனை பேருக்குப் பயன்பட்டது, எத்தனை வழக்கு பதிவானது என்பது அந்தக் கணக்கில் வராது, ஓடுவதே விலை. பல ஆண்டுகளாக அதன் எண்டர்பிரைஸ் பதிப்பின் பட்டியல் விலை ஓர் உரிமத்துக்கு 47,500 டாலர். இன்டெல் ரகச் சிப்புகளில் இரண்டு கோருக்கு ஓர் உரிமம். பதினாறு கோர் கொண்ட ஒரு சர்வருக்கு 3,80,000 டாலர். ஆண்டுதோறும் அதில் 22 விழுக்காடு ஆதரவுக் கட்டணம் வேறு. பேரம் பேசினால் தள்ளுபடி கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் தொகையைவிட எனக்கு உறுத்துவது அதன் விவரங்கள். முதன்மை இயந்திரம் படுத்துவிட்டால், அதே சேமிப்பகத்தைப் பகிரும் மாற்று இயந்திரத்தில் உரிமம் இல்லாமலே ஓட்டிக்கொள்ள அனுமதி உண்டு, ஆண்டுக்குப் பத்து நாள் வரை. பதினோராவது நாள் விலை கேட்கும். நோயறியும் கருவித்தொகுப்பு ஒன்று தனிக் கட்டணத்துக்கு உரியது. ஆனால் எண்டர்பிரைஸ் பதிப்பை நிறுவும்போதே அது திறந்த நிலையில்தான் வருகிறது. வேலை தடைபடுகிறதே என்று நள்ளிரவில் ஓர் அறிக்கையை எடுத்துப் பார்த்த ஊழியரின் அந்தச் செயல், தரவுத்தளத்துக்குள்ளேயே ஓர் அட்டவணையில் பதிவாகிவிடுகிறது. பின்னாளில் தணிக்கைக்கு வருபவர்கள் முதலில் தேடுவது அந்த அட்டவணையைத்தான். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதுரைச் சுற்றுவட்டாரம் பட்ட மின்வெட்டை அனுபவித்தவர்களுக்கு, மாற்று இயந்திரம் ஆடம்பரம் இல்லை என்று சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு புரோசஸைப் பின்னணியில் தொடங்கும் ஒவ்வொரு முறையும் இதற்கு அனுமதி உண்டா என்று யோசிக்க வேண்டியிருப்பது, வேலையின் இயல்பையே கெடுக்கிறது. பயந்தவர் மாற்று இயந்திரத்தை வைத்துக்கொள்ள மாட்டார். துணிந்தவர் வைத்துக்கொண்டு மறைப்பார்.

இதற்கு நேர் எதிரில் இருப்பது ஜி.பி.எல். என்ற கட்டற்ற மென்பொருள் உரிமம். 1991-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, நிரலை ஓட்டும் செயலுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறது. அதன் கடமைகள் பிறருக்கு நகல் கொடுக்கும்போதுதான் தொடங்குகின்றன. கலிஃபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் 1986-இல் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்த போஸ்ட்கிரெஸ் இன்னும் தாராளமானது. பதிப்புரிமைக் குறிப்பை வைத்திருந்தால் போதும், விற்கவும் செய்யலாம். 2000-இல் ரிச்சர்ட் ஹிப் எழுதிய எஸ்கியூலைட்டுக்கு உரிமமே இல்லை, அது பொதுவெளிக்கு அளிக்கப்பட்டுவிட்டது. நம் எல்லார் சட்டைப்பையிலும் இருக்கும் கைபேசிக்குள் அது ஓடுகிறது. உரிமப் பத்திரம் இல்லாத மென்பொருளை எங்கள் சட்டப் பிரிவு ஏற்காது என்று அடம்பிடிக்கும் நிறுவனங்களுக்கு ஹிப்பின் நிறுவனம் விலைக்கு ஒரு பத்திரமும் எழுதித் தருகிறது.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் கடந்த சில ஆண்டுகளில் ஒரு புதிய வகை முளைத்திருக்கிறது. என் வாதத்துக்கு அதுவே மிக முக்கியமான சான்று. மோங்கோடிபி 2018 அக்டோபரில் எஸ்.எஸ்.பி.எல். என்ற உரிமத்துக்கு மாறியது. அந்தத் தரவுத்தளத்தைப் பிறருக்குச் சேவையாக வழங்குபவர், தரவுத்தளத்தின் மூலநிரலை மட்டும் வெளியிட்டால் போதாது. அதைச் சுற்றி அவர் ஓட்டும் மேலாண்மை நிரல்கள், கண்காணிப்பு, காப்புநகல், சேமிப்பு, தானியக்க நிரல்கள் அனைத்தின் மூலநிரலையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். அதாவது இரவு இரண்டு மணிக்குக் கிரான் என்ற கால அட்டவணை நிரல் எழுப்பிவிடும் காப்புநகல் நிரல்வரை உரிமத்தின் கை நீள்கிறது. முன்னால் ஓடுவதை அளந்தது பழைய முறை; பின்னணியில் ஓடுவதையும் எண்ணத் தொடங்கியது புதிய முறை. திறமூல வரையறையைக் காக்கும் அமைப்பு அதை ஏற்கவில்லை. டெபியனும் ரெட்ஹேட்டும் மோங்கோடிபியைத் தங்கள் தொகுப்பிலிருந்து நீக்கின. 2021-இல் எலாஸ்டிக்சர்ச், 2024 மார்ச்சில் ரெடிஸ் என்று மற்றவையும் அதே பாதையில் போயின. ரெடிஸ் மாறிய அடுத்த வாரமே, பழைய தாராள உரிமத்தில் இருந்த கடைசிப் பதிப்பை எடுத்துக்கொண்டு லினக்ஸ் ஃபவுண்டேஷனின் குடையில் வால்கி பிறந்தது. எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து ஓப்பன்சர்ச் பிரிந்ததும், அதற்கு முன்பு 2009-இல் மைஎஸ்கியூஎல்லிலிருந்து மரியாடிபி பிரிந்ததும் இப்படித்தான். மைஎஸ்கியூஎல்லை சன் நிறுவனம் 2008-இல் 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2010 ஜனவரியில் சன்னோடு சேர்ந்து அது ஆரக்கிளின் கைக்குப் போனது. தரவுத்தளச் சந்தையின் மிகப் பெரிய வணிகர் தன் மிகப் பெரிய இலவசப் போட்டியாளரை வாங்கிவிட்டார். எழுதிய மைக்கேல் விடேனியஸே அதற்கு முன்பே வெளியே வந்து கிளை பிரித்திருந்தார். பெற்றவர் இறந்த புரோசஸை முதல் புரோசஸ் தத்தெடுப்பதற்கு ஈடான ஏற்பாடு உரிமங்களின் உலகத்தில் இந்தக் கிளைபிரிக்கும் உரிமைதான். அது இல்லாத மென்பொருளில் நிறுவனம் மனம் மாறினால் சிக்ஹப் வரும்; காதில் வாங்காமல் இருக்க வழியில்லை.

மதுரைச் சமவெளிக்கு இது புதிய விஷயமே அல்ல. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகமும் அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகமும் விளைவது, மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு ஆட்சியின் நிலத்தில் தேக்கிய தண்ணீரால். 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையும், மலையைக் குடைந்த சுரங்கமும் கண்ணுக்குத் தெரிபவை. அவற்றை ஓடவிடுவது 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூருக்கும் ஆங்கிலேய அரசுக்கும் இடையே எழுதப்பட்ட 999 ஆண்டுக் குத்தகைப் பத்திரம். அந்தப் பத்திரத்தில் நான் கவனிக்க விரும்புவது ஆண்டுக் கணக்கை அல்ல, வாடகை கணக்கிட்ட விதத்தை. நீரில் மூழ்கும் 8,000 ஏக்கருக்கு, ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய் வீதம், ஆண்டுக்கு 40,000 ரூபாய். எத்தனை கன அடி தண்ணீர் ஓடியது என்று யாரும் அளந்து விலை போடவில்லை. நல்ல மழையாண்டிலும் வறண்ட ஆண்டிலும் ஒரே தொகை. அதனால்தான் எந்தக் கண்மாய்க்கு எப்போது திறப்பது என்ற முடிவை இந்தப் பக்கத்துப் பாசனத் தேவை மட்டுமே தீர்மானிக்க முடிந்தது. 1970-இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. அதே தண்ணீரில் மின்சாரம் எடுப்பதற்குத் தனிக் கட்டணம் எழுதப்பட்டது. புதிய பயன் வந்தால் புதிய கணக்கு வரும் என்பதை மோங்கோடிபிக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தப் பத்திரம் காட்டியிருக்கிறது. நீர்மட்டம் 142 அடியா, 136 அடியா என்ற வழக்கு 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொல்லும்வரை நீண்டது. கேரளத் தரப்பின் பாதுகாப்பு அச்சத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. பிறர் நிலத்தில் ஓடுவதை நம்பி வாழ்பவர்களுக்குப் பத்திரத்தின் ஒவ்வொரு வரியும் உயிர்நாடி என்பதைத்தான் சொல்கிறேன். ஐந்து மாவட்டங்களின் பாசனத்திலும் குடிநீரிலும் இதைக் கற்றுக்கொண்ட நிலத்தில், நீதிமன்றத்தின் பதிவுகளை எந்தப் பத்திரத்தின் மேல் ஓடவிடுகிறோம் என்று கேட்பது இயல்பான கேள்வியாக இருக்க வேண்டும்.

இலவச மென்பொருளில் கோளாறு வந்தால் யாரைப் போய்க் கேட்பது என்பது அரசு அலுவலகங்களில் முதலில் எழும் எதிர்ப்பு. நேர்மையான கேள்வி. பொறுப்பேற்க ஒருவர் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வணிக உரிமத்தை வாங்கினால் பொறுப்பும் சேர்ந்து வருகிறது என்ற நம்பிக்கை பத்திரத்தைப் படித்தால் நிற்காது. இழப்புக்கான பொறுப்பைச் செலுத்திய தொகையின் எல்லைக்குள் அடக்கும் வரிகள் அவற்றில் வழக்கமாக உண்டு. பொறுப்பு என்பது உரிமத்திலிருந்து வேறானது, தனியாக வாங்க வேண்டியது, தனியாக வாங்கவும் முடிவது. போஸ்ட்கிரெஸுக்கு ஆதரவு ஒப்பந்தம் தரும் நிறுவனங்கள் இந்தியாவிலேயே இருக்கின்றன. ஒன்று பிடிக்காவிட்டால் தரவுத்தளத்தை மாற்றாமலே மற்றொன்றுக்கு மாறலாம். நீதிமன்றங்களின் விஷயத்தில் அந்தப் பொறுப்பைத் தேசியத் தகவலியல் மையம் ஏற்றிருக்கிறது. அதே மையம் நூலகங்களுக்காக எழுதிய இ-கிரந்தாலயாவைப் பாருங்கள்: மூன்றாம் பதிப்புவரை மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வரை நம்பியிருந்தது, நான்காம் பதிப்பில் போஸ்ட்கிரெஸுக்கு மாறியது. மாறியதால் பொறுப்பேற்பவர் மறைந்துவிடவில்லை. ஒவ்வொரு சிறு நூலகமும் தனக்கென ஒரு வணிக உரிமத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நிலைதான் மறைந்தது.

இரண்டாவது எதிர்ப்பு எனக்கு அவ்வளவு எளிதானது அல்ல. மோங்கோடிபியும் ரெடிஸும் பேராசையால் உரிமத்தை மாற்றவில்லை. தாங்கள் எழுதியதைப் பெரிய மேகக்கணி நிறுவனங்கள் எடுத்து, சேவையாக விற்று, எழுதியவர்களுக்கு ஏதும் தராமல் சம்பாதித்தன என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அதில் பெரும்பகுதி உண்மை. 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோது, உலகின் பாதி இணையத்தைக் காத்த மென்பொருளை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் சொற்ப நன்கொடையில் பராமரித்துவந்தது தெரியவந்தது. ஓடும் உரிமை இலவசமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள், எழுதுகிறவர்களின் சோற்றுக்கு வழி சொல்லாமல் நகர்ந்துவிட முடியாது. என் பதில் இது: எழுதுகிறவர்களுக்குப் பணம் போக வேண்டும், ஆனால் அது ஓடுவதை எண்ணி வசூலிக்கும் வழியாகப் போகக் கூடாது. எண்ணும் வழி அமேசானைப் பிடிப்பதற்காக விரித்த வலை. அமேசான் தன் பொறியாளர்களை வைத்துக் கிளை பிரித்துக்கொண்டு தப்பிவிடுகிறது, சிக்குவது வக்கீல் வைத்துப் பத்திரம் படிக்க வசதியில்லாத சிறிய நிறுவனம். ரெடிஸ் கடைசியில் 2025-இல் ஏ.ஜி.பி.எல். என்ற திறமூல உரிமத்தையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது, எலாஸ்டிக் அதற்கு முந்தைய ஆண்டே அப்படிச் செய்தது. அந்த வலை பயன்படவில்லை என்பதற்கு அவர்களே தந்த சாட்சியம் அது. ஜெர்மனி 2022 முதல் இதற்கெனவே ஒரு பொது நிதியை வைத்து, அடித்தள மென்பொருள்களின் பராமரிப்புக்குப் பணம் தருகிறது. நம் அரசுகள் உரிமக் கட்டணத்தில் மிச்சம் பிடித்ததை வெற்றியாக அறிவிக்கின்றன. அந்த மிச்சத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தராதவரை அந்த வெற்றி முழுமையானது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றும் சொல்வார்கள்: சுதந்திரமாக ஓடுவது கவனிப்பாரற்று ஓடுவதாக முடியும் என்று. 2017 ஜனவரியில் உலகெங்கும் பல்லாயிரம் மோங்கோடிபி தரவுத்தளங்கள் அழிக்கப்பட்டு மீட்புப்பணம் கேட்கப்பட்டது. யாரோ ஒருவர் தொடங்கிவிட்டுப் போயிருந்தார், கடவுச்சொல்கூட இல்லாமல் அவை இணையத்தைப் பார்த்தபடி ஓடிக்கொண்டிருந்தன. இதை நான் முழுதாக ஏற்கிறேன். நோஹப் போட்டுத் தொடங்கி மறந்துபோன புரோசஸ் எந்தச் சர்வரிலும் இருக்கலாம். இதற்கு மருந்து உரிமத்தை இறுக்குவதில் இல்லை, கற்பிப்பதில் இருக்கிறது. இந்த இடத்தில் தமிழில் நடந்திருப்பது பாராட்டத்தக்கது. 2012-இல் தொடங்கிய கணியம் இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதியது. து. நித்யா எழுதிய எளிய தமிழில் மைஎஸ்கியூஎல், எளிய தமிழில் குனு லினக்ஸ் போன்ற நூல்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் யாரும் நகலெடுக்கும்படி வெளிவந்தன. தரவுத்தளத்தைத் தொடங்கவும் வினவவும் ஒரு கல்லூரி மாணவர் தமிழிலேயே கற்றுக்கொள்ள வழி பிறந்தது. இதற்கு அடுத்த கட்டமாகப் பராமரிப்பின் கலையைத் தமிழில் விரிவாக எழுத வேண்டும்: பதிவுக் கோப்புகளைப் படிப்பது, காப்புநகலை எடுப்பதோடு நில்லாமல் மீட்டுப் பார்ப்பது, தனக்குப் பின் வருபவருக்குக் குறிப்பு எழுதிவைப்பது. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த ஊழியர் ஆண்டுக்கு ஒருவர் மாறும் அலுவலகங்களில், அந்தக் குறிப்பும் புரோசஸைத் தாங்கும் ஓர் உறுப்புதான்.

இந்திய அரசு 2015-இலேயே திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை அறிவித்துவிட்டது. தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 2007-ஐ ஒட்டி, உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. பிறகு இன்னும் ஏன் வாதிட வேண்டும் என்று கேட்கலாம். வாதிட வேண்டும், ஏனென்றால் சண்டை இடம் மாறிவிட்டது. இப்போது அலுவலகங்கள் தரவுத்தளத்தை வாங்குவதில்லை, மேகக்கணியில் வாடகைக்கு எடுக்கின்றன. உள்ளே இருப்பது போஸ்ட்கிரெஸ்தான், உரிமம் தாராளமானதுதான். ஆனால் கட்டணம் அது ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும். ஆரக்கிள் கோரை எண்ணியது, மேகக்கணி மணியை எண்ணுகிறது. அமேசானின் ஆர்.டி.எஸ். சேவையில் ஒரு தரவுத்தளத்தை நிறுத்திவைத்தால், ஏழு நாள் கழித்து அது தானாகவே மறுபடி தொடங்கிவிடும், கட்டணமும் தொடங்கிவிடும். ஓட்டும் உரிமை மட்டும் அல்ல, நிறுத்தும் உரிமையும் கைவிட்டுப் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இயந்திரத்தின் கட்டளை வரிக்குள் நுழைந்து எந்தெந்த புரோசஸ் ஓடுகிறது என்று பார்க்கக்கூட அங்கே வாடிக்கையாளருக்கு அனுமதி கிடையாது. மேகக்கணியே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெள்ளத்திலும் தீயிலும் ஒற்றைச் சர்வர் அறையை நம்பியிருப்பது பேதைமை. மூலநிரலின் உரிமம் தாராளமாக இருப்பதே போதும் என்று 2007-இல் நினைக்க முடிந்தது, இன்று முடியாது என்பதே நான் சொல்வது.

ஆகவே எல்காட் போன்ற கொள்முதல் நிறுவனங்கள் தங்கள் டெண்டர்களில் மென்பொருளின் பெயரைவிட ஓட்டத்தைப் பற்றிய நிபந்தனைகளை எழுத வேண்டும். எத்தனை இயந்திரத்திலும் எத்தனை நாளும் மாற்றாக ஓட்டிக்கொள்ளத் தனி அனுமதி தேவையில்லை என்பது முதல் நிபந்தனை. காப்புநகல் பொதுவான வடிவத்தில் அரசின் கையிலேயே இருக்க வேண்டும். சேவை வழங்குநர் எழுதிய பின்னணி நிரல்கள், கிரான் பட்டியல், தொடங்கும் நிறுத்தும் முறைகள் எல்லாம் ஒப்பந்தத்தின் பகுதியாக ஒப்படைக்கப்பட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, வழங்குநரின் உதவி இல்லாமல், அந்தக் காப்புநகலை வேறோர் இயந்திரத்தில் ஏற்றி முழுதாக ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடாவிட்டால் அந்த ஆண்டின் ஆதரவுக் கட்டணம் நிறுத்திவைக்கப்பட வேண்டும். இந்தச் சோதனைக்கு இலந்தைக்குளத்திலோ வடபழஞ்சியிலோ உள்ள எல்காட் வளாகத்தில் ஓர் அறை போதும். தியாகராசர் பொறியியல் கல்லூரி முதல் சுற்றுவட்டாரப் பாலிடெக்னிக்குகள் வரை கணினி படிக்கும் மாணவர்களை, பெயர் விவரங்கள் மறைக்கப்பட்ட தரவை வைத்து, இதில் பங்கேற்க விடலாம். கண்முன் ஒரு தரவுத்தளம் எழுந்து நிற்பதையும், எழ மறுப்பதையும், மறுத்தால் பதிவுக் கோப்பில் எந்த வரியிலிருந்து தேடத் தொடங்குவது என்பதையும் அவர்கள் படிக்கும் காலத்திலேயே பார்த்துவிடுவார்கள். மேலூரிலோ உசிலம்பட்டியிலோ சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நாளை போகப்போகிறவர்கள் அவர்கள்தான்.